எல்லாருக்கும் மீட்பு உண்டா? நரகத்துக்கு ஒரு முடிவு இருக்கு என்று நம்பிய கிறிஸ்தவர்கள்

இந்த எபிசோட் கொஞ்சம் கனமானது. ஆனா பயமுறுத்துற எபிசோட் இல்ல.

கிறிஸ்தவத்துக்குள்ளேயே ரொம்பப் பழைய நம்பிக்கை ஒண்ணு இருக்கு. எவ்வளவு காலம் ஆனாலும், கடைசியில் எல்லா மனிதர்களும் கடவுளிடம் வந்து சேர்ந்துடுவாங்க, நரகம் இருந்தாலும் அது நிரந்தரம் இல்லை என்பதுதான் அது. கிரேக்கத்தில் இதுக்கு 'அப்போகாத்தாஸ்தாசிஸ்' என்று பேர். எல்லாம் சரியான நிலைக்குத் திரும்புதல், மீட்டமைத்தல் என்று அர்த்தம். ஆங்கிலம் பேசுறவங்க யூனிவர்சலிசம் என்பாங்க. நாம இந்த எபிசோட் முழுக்க 'அனைவர் மீட்பு' என்று வச்சுக்கலாம். கத்தோலிக்கர்கள் மீட்பு என்பதைத்தான் சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்தே சபைக்காரங்க இரட்சிப்பு என்பாங்க. சொல்தான் வேற, விஷயம் ஒண்ணு.

நான் இறையியல் படிச்சவன் இல்ல, இன்ஜினியரிங் படிச்சவன். அதனால இது தீர்ப்பு சொல்ற எபிசோட் இல்ல. யார் எதை, ஏன் நம்பினாங்க, அதுக்கு என்ன விலை கொடுத்தாங்க என்று வரிசையா பார்க்கப்போறோம்.

ஜப்பானில் கேட்ட கேள்வி

சவேரியாரை நம்ம ஊர்ல நிறைய பேருக்குத் தெரியும். 1542-ல் தூத்துக்குடி பக்கம் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவர் மக்களிடையே வேலை செய்தவர். அதே பிரான்சிஸ் சவேரியார் 1549 ஆகஸ்டில் ஜப்பானின் ககோஷிமா துறைமுகத்தில் போய் இறங்குகிறார். இரண்டு வருஷத்துக்கு மேல அங்கே இருக்கிறார். கொஞ்சம் பேர் ஞானஸ்நானம் பெறுகிறார்கள்.

பெற்றவர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "சரி, நாங்க இப்ப கேள்விப்பட்டோம், நம்பிட்டோம். எங்க அப்பா, அம்மா, தாத்தா, செத்துப்போன எங்க குழந்தைகள் இவங்க யாருமே இதைக் கேள்விப்படலையே, அவங்க எங்கே? பிரார்த்தனை செய்தோ தர்மம் செய்தோ அவங்களை வெளியே கொண்டுவர வழி இருக்கா?"

வழி இல்லை என்றுதான் சவேரியார் பதில் சொன்னார். அவர் படித்த இறையியல் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தது. கேட்டவர்கள் அழுதார்கள். 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் இதை அவரே பதிவு செய்திருக்கிறார். தனக்குப் பிரியமானவர்கள் இப்படித் துக்கப்படுவதைப் பார்த்துத் தனக்கும் கண்ணீர் வந்தது என்கிறார்.

அனைவர் மீட்பு என்ற விவாதம் நூலகத்துக்குள்ள மட்டும் நடக்கிற விவாதம் இல்ல என்பதைக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. சொல்கிறவருக்கும் வலி, கேட்கிறவருக்கும் வலி. கேள்வி அப்படியே நிக்குது.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம்

அனைவர் மீட்பு என்றதும் பலபேர் "எல்லா மதமும் ஒண்ணுதான்னு சொல்றாங்க போல" என்று நினைக்கிறாங்க. அது வேற விஷயம். இந்த நம்பிக்கைக்காரங்க இயேசுவை ஒதுக்கிட்டுப் பேசுறதில்ல. மீட்பு கிறிஸ்து வழியாகத்தான், ஆனா அது கடைசியில் எல்லாரையும் எட்டும் என்பதுதான் அவங்க வாதம். நரகமே கிடையாது என்றும் பெரும்பாலானவங்க சொல்லல. நரகம் உண்டு, அதுக்கு ஒரு நோக்கம் உண்டு, நோக்கம் நிறைவேறினதும் முடிவும் உண்டு என்கிறாங்க.

கிறிஸ்தவத்துக்குள்ள இதுபற்றி மூணு பெரிய கருத்துகள் இருக்கு. முதலாவது, மீட்கப்படாதவர்கள் என்றென்றைக்கும் தண்டனையில் இருப்பார்கள். பெரும்பான்மைச் சபைகளின் போதனை இது. இரண்டாவது, அவர்கள் கடைசியில் இல்லாமலே அழிந்துபோவார்கள். மூன்றாவதுதான் நம்ம தலைப்பு.

இன்னொரு வேறுபாடும் முக்கியம். 1964-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தன் தவறு எதுவும் இல்லாமல் நற்செய்தியை அறியாமலே இருந்து, மனசாட்சிப்படி கடவுளைத் தேடுகிறவர்களும் மீட்பு அடைய முடியும் என்று சொன்னது. சவேரியார் ஜப்பானில் சொன்ன பதிலிலிருந்து கத்தோலிக்கத் திருச்சபை எவ்வளவு தூரம் வந்திருக்கு பாருங்க. ஆனா இதுவும் அனைவர் மீட்பு இல்ல. 'அடைய முடியும்' என்பது வேற, 'எல்லாரும் அடைவார்கள்' என்பது வேற.

மூணுல ஒண்ணை விட்டே ஆகணும்

டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் பக்கம் வேலை செய்றவங்களுக்கு சிஏபி தியரம் தெரிஞ்சிருக்கும். ஒரு டேட்டாபேஸுக்கு மூணு நல்ல குணம் வேணும் என்று ஆசைப்படுவோம். மூணையும் ஒரே நேரத்தில் முழுசா வச்சுக்க முடியாது, ஒண்ணை விட்டுக்கொடுத்தே ஆகணும். இந்த விவாதமும் கிட்டத்தட்ட அப்படித்தான். தாமஸ் டால்பட் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் இதைத் தெளிவா மூணு வாக்கியத்தில் அடுக்கிக் காட்டினார். என் வார்த்தையில் சொல்றேன்.

ஒண்ணு: கடவுள் எல்லா மனிதர்களையும் மீட்க விரும்புகிறார்.
ரெண்டு: கடவுள் விரும்பியது கடைசியில் நடந்தே தீரும்.
மூணு: சிலர் என்றென்றைக்கும் தொலைந்துபோவார்கள்.

மூணுக்கும் பைபிளில் ஆதாரம் காட்டலாம். ஆனா மூணும் சேர்ந்து உண்மையா இருக்க முடியாது. அகுஸ்தீன், கால்வின் வழி வந்தவங்க முதல் வாக்கியத்தை விடுறாங்க. கடவுள் தேர்ந்தெடுத்தவர்களை மட்டுமே மீட்கத் தீர்மானித்தார் என்கிறாங்க. மனித சுதந்திரத்தை அழுத்திச் சொல்றவங்க ரெண்டாவதை விடுறாங்க. கடவுள் விரும்பினாலும் மனிதன் மறுக்கலாம், கடவுள் கட்டாயப்படுத்த மாட்டார் என்கிறாங்க. அனைவர் மீட்புக்காரங்க மூணாவதை விடுறாங்க.

இப்படிப் பார்த்தா ஒரு விஷயம் புரியும். "நாங்க பைபிளை நம்புறோம், அவங்க நம்பல" என்று ஒருத்தரை ஒருத்தர் குற்றம் சொல்றது சரியா வராது. எந்த வசனத்தை அடித்தளமா வச்சு மத்த வசனங்களை விளக்குறீங்க என்பதுதான் வித்தியாசம்.

அலெக்சாந்திரியாவிலிருந்து கப்பதோக்கியா வரை

இந்த எண்ணத்துக்குப் பெரிய வடிவம் கொடுத்தவர் ஒரிஜன். கி.பி. 185 வாக்கில் எகிப்தில் பிறந்தவர், அலெக்சாந்திரியாவில் பாடம் நடத்தியவர். அவருடைய அப்பா லியோனிடஸ் கிறிஸ்தவர் என்பதற்காகக் கொல்லப்பட்டார். ஒரிஜனும் 250-ல் டேசியஸ் மன்னன் காலத்துத் துன்புறுத்தலில் சிறையில் சித்திரவதைப்பட்டார், சில வருஷங்களில் இறந்தார். பாவத்தை லேசா எடுத்துக்கிட்ட சொகுசான ஆள் இல்ல என்பதுக்காக இதைச் சொல்றேன்.

ஒரிஜனின் வாதம் முடிவிலிருந்து தொடங்கும். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15-ம் அதிகாரத்தில், கடைசியில் கடவுள் எல்லாவற்றிலும் எல்லாமாக இருப்பார் என்று பவுல் சொல்கிறார். ஒரு மூலையில் கடவுளை வெறுக்கிற உயிர்கள் நிரந்தரமா எரிஞ்சுக்கிட்டே இருந்தா, அந்த 'எல்லாம்' எப்படி நிறைவேறும்? அதனால தண்டனை என்பது வைத்தியர் தருகிற கசப்பு மருந்து மாதிரி, குணமாக்கத்தான் என்றார் ஒரிஜன். சுவாரஸ்யம் என்னன்னா, இதை எல்லார்கிட்டயும் வெளிப்படையா விளக்குவது நல்லதில்லை என்றும் அவரே நினைத்தார். பயத்தால் மட்டும் தப்பு செய்யாமல் இருக்கிறவங்க உலகத்தில் நிறைய பேர் என்பது அவர் கணிப்பு.

அடுத்த நூற்றாண்டில் நீசா ஊர் ஆயர் கிரகோரி, இன்றைய துருக்கியில் இருக்கிற கப்பதோக்கியாவைச் சேர்ந்தவர். அவருடைய அண்ணன் பசிலியார் இறந்துபோகிறார். துக்கத்தோடு அக்கா மக்ரீனாவைப் பார்க்கப் போனால், அக்காவும் மரணப் படுக்கையில். அந்த நிலையில் இருவரும் ஆன்மாவைப் பற்றியும் உயிர்த்தெழுதலைப் பற்றியும் பேசுவதாக கிரகோரி ஒரு உரையாடல் நூல் எழுதினார். அதில் ஆசிரியர் அக்காதான், தம்பி கேள்வி கேட்கிற மாணவன்.

மக்ரீனா சொல்கிற ஒரு உவமை: கயிறு முழுக்கச் சேறு அப்பிக் காய்ந்திருக்கு. அதை ஒரு சின்ன ஓட்டை வழியா இழுத்தால் சேறு உரியும், கயிறு இறுகும், முறுகும். இழுப்பவருக்குக் கயிறைத் துன்புறுத்தும் எண்ணம் இல்லை, அவருக்குக் கயிறுதான் வேணும். வலி சேறு ஒட்டியிருப்பதால் வருகிறது. சேறு அதிகமா இருந்தா வலியும் அதிகம், நேரமும் அதிகம். ஆனா கடைசியில் கயிறு வெளியே வந்துடும்.

அதுக்கப்புறம் 7-ம் நூற்றாண்டு, இன்றைய ஈராக்கின் மோசூல் பகுதி. நினிவேயின் ஐசக் என்ற துறவி, சிரியாக் மொழியில் எழுதியவர். ஆயர் பதவியை ஐந்தே மாதத்தில் விட்டுவிட்டுத் துறவுக்குத் திரும்பியவர். அன்பே உருவான கடவுள், முடிவில்லாத பழிவாங்கலுக்காக ஒரு இடத்தைப் படைத்திருக்க மாட்டார் என்பது அவர் நிலை. இதைத் தெளிவா சொல்கிற அவருடைய இரண்டாம் தொகுதி ரொம்ப காலம் கிடைக்கவே இல்லை. 1983-ல் செபாஸ்டியன் பிராக் என்ற அறிஞர் ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் அதன் கையெழுத்துப் பிரதியை அடையாளம் கண்டார். ஐசக் இருந்த கீழைத் திருச்சபையோடு கேரளத்தின் தோமா கிறிஸ்தவர்களுக்கும் பல நூற்றாண்டு உறவு உண்டு. அதாவது இது நம்ம பக்கத்து வீட்டுச் சங்கதி.

ஒரே சொல், பெரிய சண்டை

மத்தேயு 25-ல் இயேசு கடைசித் தீர்ப்பைப் பற்றிப் பேசும்போது ஒரு கூட்டம் தண்டனைக்கும் இன்னொரு கூட்டம் வாழ்வுக்கும் போகும் என்கிறார். பழைய தமிழ் பைபிளில் நித்திய ஆக்கினை, நித்திய ஜீவன் என்று இருக்கும். அந்த 'நித்திய' என்பதுக்குக் கிரேக்கத்தில் இருக்கும் சொல் 'அயோனியோஸ்'. அது 'அயோன்' என்ற சொல்லிலிருந்து வருது. அயோன் என்றால் யுகம், ஊழி. ஆக அயோனியோஸ் என்பதை 'முடிவில்லாத' என்றும் எடுக்கலாம், 'யுகத்துக்குரிய' என்றும் எடுக்கலாம் என்பது அனைவர் மீட்புக்காரங்க வாதம். ரோமர் கடிதத்தின் முடிவில், நீண்ட காலம் மறைந்திருந்து இப்போது வெளிப்பட்ட ரகசியத்தைப் பற்றிப் பேசும்போதும் இதே சொல் வருது. அந்தக் காலம் முடிஞ்சு போச்சு இல்லையா?

அகுஸ்தீன் இதுக்குக் கொடுத்த பதில் வலுவானது. ஒரே வாக்கியத்தில் ஒரே சொல் ரெண்டு தடவை வருது. தண்டனை தற்காலிகம் என்றால் வாழ்வும் தற்காலிகமா? ஒண்ணுக்கு ஒரு அர்த்தம், இன்னொண்ணுக்கு வேற அர்த்தம் என்று வைக்கக் கூடாது என்றார்.

மறுதரப்பு இதுக்கு ரெண்டு பதில் வச்சிருக்கு. ஒண்ணு, வாழ்வு முடியாது என்பதுக்கு வேற ஆதாரங்களே போதும், இந்தச் சொல்லை நம்பி இருக்க வேண்டியதில்லை. ரெண்டு, அங்கே தண்டனைக்குப் போட்ட சொல் 'கோலாசிஸ்'. அனுபவிப்பவரின் நன்மைக்காகத் தருவது கோலாசிஸ், கொடுப்பவரின் திருப்திக்காகச் செய்வது வேற என்று அரிஸ்டாட்டில் பிரித்துக் காட்டியிருக்கார். ஆனா நியாயமா ஒண்ணைச் சொல்லணும். அரிஸ்டாட்டிலுக்கும் மத்தேயுவுக்கும் நடுவில் சில நூற்றாண்டுகள். அந்த வேறுபாட்டை எல்லாரும் எப்பவும் கடைப்பிடிக்கல. அகராதியை மட்டும் வச்சு இந்தச் சண்டை முடியாது.

தடை வந்தது எப்படி?

543-ல் ஜஸ்டினியன் பேரரசர் ஒரிஜனின் கருத்துகளுக்கு எதிரா ஆணை போட்டார். பேய்கள், தீயவர்களின் தண்டனை ஒரு நாள் முடியும் என்பவர்களைச் சபிக்கும் பகுதியும் அதில் உண்டு. 553-ல் கான்ஸ்டான்டினோப்பிளில் நடந்த சங்கத்தின் கண்டனப் பட்டியலில் ஒரிஜன் பேர் வருது. அந்தச் சங்கத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் 15 கண்டனங்கள் சங்கமே முறையா நிறைவேற்றியவையா என்று அறிஞர்களிடையே இன்னும் விவாதம் இருக்கு. அந்த 15-ல் அதிகமா தாக்கப்படுவது, உடலுக்கு முன்னாடியே ஆன்மாக்கள் இருந்தன என்ற கொள்கையும், எல்லாம் மீண்டும் அந்த நிலைக்கே திரும்பும் என்ற கொள்கையும்தான்.

கிரகோரி மட்டும் தண்டிக்கப்படவே இல்லை. இன்னிக்கும் அவர் புனிதர், 787-ல் நடந்த சங்கம் அவரை மரியாதையோடு நினைவுகூர்ந்தது. "அப்போ தடை எதுக்கு, எல்லாரும் மீட்கப்படுவார்கள் என்ற நம்பிக்கைக்கா, இல்ல ஒரிஜனின் மத்த கொள்கைகளுக்கா?" என்று இன்னிக்கும் கேட்க இடம் இருப்பது அதனாலதான்.

எதிர்வாதங்கள், கடுமையானது கடைசியில்

"எல்லாரும் எப்படியும் போய்ச் சேர்ந்துடுவோம்னா எதுக்கு ஒழுங்கா இருக்கணும்?" இது எளிமையான கேள்வி. கடனை என்னிக்காவது அடைச்சுடுவோம் என்று உறுதியா தெரிஞ்சாலும், யாரும் வேணும்னே வட்டியை ஏறவிட மாட்டாங்க. மக்ரீனாவின் கயிறு உவமையில் சேறு சேரச்சேர வலியும் கூடும்.

ரெண்டாவது, சுதந்திரம். சி. எஸ். லூயிஸ், நரகத்தின் கதவு உள்ளே இருந்து பூட்டியிருக்கு என்ற பொருளில் எழுதினார். ஒருத்தர் வரமாட்டேன் என்றால் கடவுள் என்ன செய்வார்? டேவிட் பென்ட்லி ஹார்ட் என்ற கிழக்கத்திய மரபுவழிச் சபை இறையியலாளர் 2019-ல் வெளியிட்ட புத்தகத்தில் இதைத் திருப்பிப் போடுகிறார். எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று முழுசா தெரிஞ்ச ஒருத்தர் தன் அழிவையே என்றென்றைக்கும் தேர்ந்தெடுப்பது சுதந்திரம் இல்ல, அது நோய் என்கிறார். லூயிஸ் பக்கம் இருப்பவங்க, எத்தனை தடவை மறுத்தாலும் விடாத அன்புக்குப் பேர் கட்டாயம் இல்லையா என்று கேட்பாங்க.

மூணாவதுதான் எனக்குத் தூக்கம் கெடுக்கிற கேள்வி. அது தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலில் இவான் கேட்பது. ஒரு குழந்தையைக் கொடூரமா கொன்றவனும், அந்தக் குழந்தையும், அதன் தாயும் கடைசியில் கட்டிப்பிடித்துச் சமாதானம் ஆகிறார்கள் என்று வையுங்க. தாய் தன் வேதனைக்காக மன்னிக்கலாம். குழந்தை பட்ட வேதனைக்காக மன்னிக்க அவளுக்கு என்ன உரிமை? அந்த மாதிரி ஒரு சமாதானமே எனக்கு வேண்டாம் என்கிறான் இவான். அனைவர் மீட்பு என்பது பாதிக்கப்பட்டவர்கள் தலையில் கட்டாய மன்னிப்பைச் சுமத்துவதா மாறிடக்கூடாது. கிரகோரி வழி வந்தவங்க, தப்பு செய்தவன் தான் செய்தது என்ன என்பதை முழுசா உணராமல் அந்த ஓட்டை வழியா வரவே முடியாது என்பாங்க. அது இவானுக்குப் போதுமா? எனக்குத் தெரிஞ்சு அவன் இன்னும் தலையாட்டல.

டல்சாவில் காலியான நாற்காலிகள்

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்காதீங்க. அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலம், டல்சா நகரம். கார்ல்டன் பியர்சன் என்ற பெந்தெகொஸ்தே ஆயர், ஓரல் ராபர்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவருடைய சபைக்கு ஞாயிறுதோறும் 5,000 பேருக்கு மேல் வந்தார்கள். 1990-களில் ஒரு நாள் ருவாண்டா அகதிகளைத் தொலைக்காட்சியில் பார்க்கிறார். பட்டினியில் சாகும் குழந்தைகள். இவர்கள் இங்கே இவ்வளவு பட்டுவிட்டு, செத்த பிறகு நேராக நரகத்துக்கா என்ற கேள்வி அவரை உடைத்துவிட்டது. அங்கிருந்து அவர் எல்லாரும் மீட்கப்பட்டவர்கள் என்று பிரசங்கிக்கத் தொடங்கினார்.

2004-ல் ஆப்பிரிக்க அமெரிக்க பெந்தெகொஸ்தே ஆயர்களின் அமைப்பு ஒன்று அவர் போதனையைப் பேதகம் என்று அறிவித்தது. கூட்டம் ஆயிரத்துக்கும் கீழே போனது. 2006-ல் கடன் கட்ட முடியாமல் கட்டடமும் போனது. 2023 நவம்பரில் பியர்சன் காலமானார். அவர் கதையை 2018-ல் நெட்ஃபிளிக்ஸ் 'கம் சண்டே' என்ற படமா வெளியிட்டது. பின்னாளில் அவர் பேசியது மரபான கிறிஸ்தவ அனைவர் மீட்பையும் தாண்டிப் போனது, அதையும் சொல்லிடணும். ஆனா ஒரு கேள்வியை நேர்மையா எதிர்கொண்டதுக்கு ஒருத்தர் எவ்வளவு இழக்கலாம் என்பதுக்கு அவர் கதை சாட்சி.

உறுதி வேற, நம்பிக்கை வேற

கடைசியா ஒரு நடு வழி. சுவிட்சர்லாந்தின் கத்தோலிக்க இறையியலாளர் ஹான்ஸ் உர்ஸ் ஃபான் பால்தசார் 1986-ல் ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். எல்லாரும் மீட்கப்படுவார்கள் என்று அடிச்சுச் சொல்ல நமக்கு உரிமை இல்லை, ஆனா எல்லாருக்காகவும் எதிர்பார்க்க நமக்குக் கடமை உண்டு என்பது அதன் சாரம். திருச்சபை ஆயிரக்கணக்கானவர்களைப் புனிதர் என்று அறிவித்திருக்கு. ஆனா இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று எந்த மனிதரைப் பற்றியும் அறிவித்ததில்லை.

அதனால இந்த விவாதத்தில் எந்தப் பக்கம் நீங்க சாய்ந்தாலும், ஒரு பழக்கத்தை இப்பவே விடலாம். துக்க வீட்டில் போய் உட்கார்ந்து, செத்தவர் எங்கே போயிருப்பார் என்று கணக்குப் போடுறது. முடிவில்லாத நரகத்தை முழுசா நம்புகிற சபைகூட அந்தக் கணக்கை நம்ம கையில் கொடுக்கல. நம்ம ஊர்க் கத்தோலிக்க வீடுகளில் செபமாலை சொல்லும்போது ஒவ்வொரு பத்து மணி முடிவிலும் பாத்திமா செபம் சொல்வாங்க. எல்லா ஆன்மாக்களையும் மோட்சத்துக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிக் கேட்கிற செபம் அது. எல்லா என்றால் எல்லாம்தான். சொல்றவங்க பலபேர் ஒரிஜனைக் கேள்விப்பட்டிருக்க மாட்டாங்க. ஆனா அதைத்தான் கேட்கிறாங்க.

உங்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தா எழுதி அனுப்புங்க, அதையும் ஒரு எபிசோடில் பேசலாம். அடுத்த வாரம் சந்திப்போம்.